கிளிப் கழன்றால் குற்றவாளி யார்?

முறுக்கைக் கடித்தாள் ஒரு சிறுமி. "டக்" என்று ஒரு சத்தம். பல்லில் ஒட்டியிருந்த கிளிப் கையோடு வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னால் திட்டு விழும். அப்பாவிடம் சொன்னால் பணக் கணக்கு வரும். சிறுமி வாயை இறுக மூடிக் கொண்டாள். அடுத்த மாதம் டாக்டர் பார்க்கும்வரை விஷயம் வெளியே வரவில்லை.

பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. குற்றவாளி யார்? முறுக்கா? சிறுமியா? டாக்டரா?

கோணல் பல்லை நேராக்கக் கம்பி கட்டுகிறார்கள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்னத் துண்டை ஒட்டுவார்கள். இதை டாக்டர்கள் "பிராக்கெட்" என்பார்கள். நம் வீடுகளில் "கிளிப்" என்கிறோம். அதன் வழியே கம்பி ஓடும். கம்பி இழுக்கும். பல் மெல்ல மெல்ல நகரும்.

இதற்குப் பெரும்பாலும் ஒன்றரை வருஷம் முதல் இரண்டு வருஷம் ஆகும். அவ்வளவு காலமும் துண்டு பல்லை விட்டு அகலக் கூடாது. அகன்றால் அந்தப் பல்லை இழுக்க ஆள் இல்லை. மாதங்கள் வீணாகும்.

ஒட்டு எப்படி நிற்கிறது?

அந்தக் காலத்தில் துண்டை நேரே பல்லில் ஒட்டவில்லை. ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் போல ஓர் உலோக வளையம் மாட்டினார்கள்.

1955-ம் ஆண்டில் புது வழி பிறந்தது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர் இருந்தார். உலோகத்துக்கு வர்ணம் பூசுமுன் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் வர்ணம் நன்றாகப் பிடிக்கும். இது தொழிற்சாலைகளில் தெரிந்த விஷயம். அதைப் பல்லில் செய்தால் என்ன என்று அவர் நினைத்தார். 30 விநாடி தடவினார். ஒட்டு பிடித்தது!

1965-ல் ஜார்ஜ் நியூமன் என்ற அமெரிக்க டாக்டர், பல்லில் பிராக்கெட்டை நேரே ஒட்டும் முறையை வெளியிட்டார்.

கொத்தனார் வழவழப்பான சுவரைக் கொத்திவிட்டுத்தான் சாந்து பூசுவார். அதே கதைதான் இதுவும். அமிலம் பட்டதும் பல்லின் மேல்பூச்சான எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பசை குழிக்குள் இறங்கி இறுகும். நீல ஒளி காட்டி அதைக் கெட்டியாக்குகிறார்கள்.

இந்த ஒட்டுக்கு முதல் எதிரி எச்சில். ஒட்டும் நேரத்தில் துளி எச்சில் பட்டாலும் பிடிப்பு குறையும். கடைவாய்ப் பல்லை ஈரமில்லாமல் வைப்பது கஷ்டம். மெல்லும் பாரமும் அங்கேதான் அதிகம். ஆகவே அங்கே அடிக்கடி கழலும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கங்களில் புளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்துப் பல்லில் கறை விழுந்தவர்கள் உண்டு. அத்தகைய எனாமலில் அமிலம் எளிதில் வேலை செய்யாது. அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்வது நல்லது.

இரும்புப் பிடி வேண்டாம்

"கழலவே கழலாத பசை போடக் கூடாதா?" என்று கேட்கலாம். கூடாது! சிகிச்சை முடிந்ததும் துண்டை எடுத்தாக வேண்டும். பிடி அளவு மீறினால் எனாமலும் பெயரும். பெயர்ந்த எனாமல் மறுபடி வளராது. சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 80 கிலோ வரை தாங்கும் பிடி போதும் என்று 1975-ல் ரெனால்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார்.

ஆக, இது நிற்கவும் வேண்டும், எடுக்க வரவும் வேண்டும் என்ற ஒட்டு. எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் ஒன்றிரண்டு கழலத்தான் செய்யும். ஆகவே குழந்தையைத் திட்டுவது நியாயம் அல்ல. திட்டினால் குழந்தை மறைக்கும். மறைத்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

மூவர் கடமை

டாக்டர்கள் அவசரப்படக் கூடாது. பல்லை உலர்த்தி ஒட்ட வேண்டும். எதைத் தின்னக் கூடாது, கழன்றால் மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா என்பதை முதல் நாளே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடன் வாங்கிக் கம்பி கட்டும் குடும்பங்கள் உண்டு. நடுவழியில் புதுச் செலவு சொல்வது தர்மம் ஆகாது.

பிள்ளைகள் முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய், எலும்பு ஆகியவற்றைச் சில காலம் தள்ளி வைக்க வேண்டும். பென்சில் கடிக்கக் கூடாது. கொய்யாவைச் சிறு துண்டாக்கித் தின்னலாம்.

பெற்றோர்கள், கிளிப் கழன்றதும் டாக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கழன்ற துண்டைப் பத்திரப்படுத்த வேண்டும். கடையில் விற்கும் பசையை வாயில் வைக்கவே கூடாது!

பசை பல்லைப் பிடிக்கட்டும். பயம் பிள்ளையைப் பிடிக்க வேண்டாம். "அம்மா, கிளிப் கழன்றுவிட்டது" என்று குழந்தை அன்றே சொல்கிற வீட்டில்தான் சிகிச்சை காலத்தோடு முடியும்.