மூன்று கரியணுக்கள்

நிலக்கரியும் வைரமும் ஒரே கரியின் இரு வேஷங்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். அக்கரியின் அணுக்கள் மூன்று மட்டும் வரிசையாகக் கைகோத்து நின்ற கோலம் விஞ்ஞானிகளை எழுபது ஆண்டுகள் ஏய்த்துவிட்டது.

1881-இல் ஹக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஒரு வால்நட்சத்திரத்தின் ஒளியைப் பகுத்தபோது, ஊதாப் பகுதியில் 4050 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தருகே இனந்தெரியாத சில கோடுகளைக் கண்டார். 1942-இல் ஹெர்ஸ்பர்க் அவற்றைப் பரிசோதனைச் சாலையிலேயே உண்டாக்கினார். ஆனால் கரியும் ஹைட்ரஜனும் கூடிய மூலக்கூறே அவற்றிற்குக் காரணம் என்று கருதினார். ஜெர்மனியை விட்டுக் கானடாவில் தஞ்சம் புகுந்தவர் அவர். 1971-இல் நோபல் பரிசு பெற்ற மேதை. அத்தகையவர் கூற்றை மறுக்க யார் துணிவார்? அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பணிபுரிந்த டக்ளஸ் துணிந்தார்! 1951-இல் அவர் சாதாரணக் கரியுடன் சற்றுக் கனமான கரியைக் கலந்து சோதித்தார். கோடுகள் பிரிந்து இடம்பெயர்ந்த விதம், அங்கிருப்பவை மூன்று கரியணுக்களே எனக் காட்டிக் கொடுத்தது. ஹெர்ஸ்பர்க்கே பிற்பாடு, 1965-இல், பிறருடன் சேர்ந்து அக்கோடுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இதை நாம் பரிசைவிடப் பெரிதாக மதிக்கிறோம்.

அம்மூன்றும் சும்மா நிற்பவை அல்ல. நீள்வதும் வளைவதுமாய் ஓயாது அதிர்பவை. நடு அணு முன்னும் பின்னும் ஓடும் அதிர்வு நொடிக்குச் சுமார் 61 லட்சம் கோடி முறை நிகழ்கிறது. வளையும் அதிர்வோ மிக மந்தம். 1990-இல் அமெரிக்காவின் பர்க்லி நகரில், லேசர் என்னும் கூரிய ஒளியைக் கொண்டு அதை நேரே அளந்தார்கள்: நொடிக்கு ஏறத்தாழ 1.9 லட்சம் கோடிதான்! நேர்கோடாய் நிற்கும் மூலக்கூறு இரும்புக் கம்பிபோல் விறைத்திருக்கும் என்றுதானே எண்ணுவோம்? இதுவோ வாழைநார்போல் துவளுகிறது.