பழைய சேணமும் புதிய பளபளப்பும்

பழங்காசு சேர்ப்போரைக் கண்டிருக்கிறோம். தபால் தலை சேர்ப்போரையும் கண்டிருக்கிறோம். அமெரிக்காவிலோ குதிரைச் சேணம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வட மாகாணங்களும் தென் மாகாணங்களும் தம்முள் பொருத யுத்தத்தில் குதிரைப் படையினர் உபயோகித்த சேணம், கடிவாளம், அங்கவடி முதலியவையே இவர்கள் தேடும் செல்வம். இதென்ன பித்து என்று முதலில் நகைத்தோம். விவரம் அறிந்தபின் நகைப்பு அடங்கிவிட்டது.

இவற்றுள் முதன்மையானது மக்ளெல்லன் சேணம். ஜார்ஜ் மக்ளெல்லன் என்ற ராணுவ அதிகாரி, கிரிமியா யுத்த காலத்தில் ஐரோப்பியப் படைகளைப் பார்வையிட்டுத் திரும்பி, இதன் மாதிரியைச் சமர்ப்பித்தார். 1859-ல் அரசாங்கம் அதை ஏற்றது. மரச்சட்டத்தின்மேல் பதனிடாத தோலை இழுத்துத் தைத்திருப்பார்கள். குதிரையின் முதுகெலும்பை அழுத்தாதபடி நடுவே நீண்ட திறப்பு உண்டு. குதிரைக்கு இதம்தான், சவாரி செய்பவன் பாடு சொல்லத் தரமன்று! நாளடைவில் அத்தோல் தையலில் வெடித்துத் தொடையைப் பதம் பார்க்கும். எனவே 1870-களில், மிஞ்சியிருந்த சேணங்களுக்குக் கறுப்புத் தோல் போர்த்தினார்கள்.

சேகரிப்பவருக்குச் சோதனை இங்கேதான். உள்ளே இருப்பது யுத்த காலத்துச் சட்டம். மேலே இருப்பது பிற்காலத்துப் போர்வை. அதை உரித்து ‘அசல்’ ஆக்கிவிடலாமா? கூடாது என்பதே நம் கட்சி. பின்னால் வந்த சிப்பாயின் சரித்திரமும் சரித்திரந்தானே?

தென் மாகாணத்துச் சேணங்கள் மிக அரியவை. அங்கே வீரன் தன் சொந்தக் குதிரையுடன் படையில் சேரவேண்டும். தோல் பஞ்சத்தால், வர்ணம் பூசிய பருத்தித் துணியை அடுக்கித் தைத்து வார் செய்தார்கள். அவர்கள் விரும்பிய ஜெனிபர் சேணம் கொழுத்த குதிரைக்குத் தகும். பட்டினியால் இளைத்ததன் முதுகையோ புண்ணாக்கிற்று. பின்னர் எதிரியின் மாதிரியையே அவர்களும் பின்பற்றினார்கள். அந்த யுத்தத்தில் மாண்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ஏறக்குறைய 15 லட்சம் என மதிப்பிடுகிறார்கள். இதை வகுப்பில் கூறியபோது, “குதிரை யார் கட்சி, ஸார்?” என்று ஒரு பையன் கேட்டான். நமக்கு விடை தோன்றவில்லை.

அரிய பொருளென்றால் போலிக்குக் குறைவேது? யுத்தக் காட்சிகளை நடித்துக் காட்டுவோருக்காக இக்காலத்தில் செய்யும் சேணங்கள், சில வருஷம் அடிபட்டபின் பழம்பொருளாக விலைபோவதுண்டு. அசல் கிடைத்தவரோ, மகிழ்ச்சி மிகுதியால் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிவிடுகிறார். எண்ணெய் தோலைக் கறுக்கச் செய்யும். தூசியைப் பிடித்து வைக்கும். ஆசன அளவையும் செய்தவர் பெயரையும் காட்டும் முத்திரை மங்கிப்போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வெயில் படாத அறையில், மரத்தாங்கியின்மேல் வைத்தால் போதும்.