சாக்கு மாதிரி தொங்கினாலும் அமெரிக்கக் கோட்டுதான் எனக்குப் பிடிக்கும்



கோட்டு சூட்டு என்றால் எல்லாம் ஒன்றுதான், கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை வேர்த்து வழியப் போட்டிருப்பாரே அதுதான் என்று நினைக்கிறோம். அது தப்பு. அமெரிக்காக்காரர் கோட்டு வேறு, ஐரோப்பாக்காரர் கோட்டு வேறு.

லண்டனில் சாவில் ரோ என்று ஒரு தெரு. டெய்லர்களுக்குப் பேர் போனது. அங்கே ஒரு சூட்டைக் கையால் தைத்து முடிக்க 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோளில் பேட் வைத்து நிமிர்த்தி, இடுப்பைப் பிடித்து, பின்னால் ரெண்டு பக்கமும் வெட்டு விடுவார்கள். கூன் விழுந்தவரைக்கூட ராணுவ அதிகாரி மாதிரி காட்டிவிடும்! இத்தாலியில் நேப்பிள்ஸ் வெயில் ஊர். அதனால் பேடைக் குறைத்து, சட்டைக்குக் கை வைப்பது போல தோளில் சின்னச் சுருக்கம் வைக்கிறார்கள். ரெண்டு ஊரிலும் ஆளை நிறுத்தி அளந்துதான் வெட்டுவார்கள்.

அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை 1818-ல் நியூயார்க்கில் தொடங்கியது. 1849-லேயே ரெடிமேட் சூட் விற்றது. பிறகு அவர்கள் பிரபலப்படுத்திய சாக் சூட்டில் முன்பக்கம் டார்ட் கிடையாது. (நம்ம ஜாக்கெட்டில் டெய்லர் அக்கா பிடிப்பாங்களே, அதே டார்ட்தான்.) தோளில் பேட் அதிகம் இல்லை. பின்னால் ஒரே வெட்டு. நேராகத் தொங்கும். சாக்கு மாதிரி இருக்கு என்று கேலி செய்பவர்கள் உண்டு.

நான் கேலி செய்ய மாட்டேன். டார்ட் பிடித்தால் ஒரு உடம்புக்குத்தான் சரியாக இருக்கும். பிடிக்காவிட்டால் ஒல்லி, குண்டு யாரும் கடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். குமாஸ்தாவும் முதலாளியும் ஒரே வெட்டுக் கோட்டில் நடந்தால் யார் யாரென்று சட்டென்று தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

டையிலும் இதே கதை. இங்கிலாந்தில் கோடு போட்ட டை பலதும் ஒரு படைப்பிரிவுக்கோ பள்ளிக்கோ சொந்தம், வெளி ஆள் கட்டக்கூடாது. ப்ரூக்ஸ் கடைக்காரர்கள் கோடுகளை எதிர்ப்பக்கம் சாய்த்து, யார் வேண்டுமானாலும் கட்டுங்கள் என்று விற்றார்கள். என்ன சாமர்த்தியம்!

இதைச் சொன்னதும் தையல் மிஷின் வைத்திருக்கும் என் பெரியம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. "அளவெடுக்காம தைக்கிறது ஒரு தையலாடி?" என்றாங்க. ரெடிமேட் வந்த பிறகு தீபாவளிக்குக்கூட அவங்களிடம் துணி வருவது குறைஞ்சு போச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனாலும் 50 மணி நேரக் கூலியை எத்தனை பேரால் கொடுக்க முடியும், பெரியம்மா?

இன்னொன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கோடைக்குப் போட்ட கோட்டு என்ன துணி தெரியுமா? மெட்ராஸ் கட்டம்! நம்ம வீட்டுக் கட்டம் போட்ட லுங்கி மாதிரியேதான். 1950-களின் கடைசியில் அங்கே போன துணி துவைத்ததும் சாயம் விட்டது. நாமாக இருந்தால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்போம். அங்கேயும் முதலில் புகார்தான். பிறகு, சாயம் போகும், அதுதான் அழகு என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். அதைப் போட்டுக்கொண்டு பெருமையாக விருந்துக்குப் போனார்கள்.

போன மாதம் எங்க அப்பா கட்டம் போட்ட லுங்கியோட ஸ்கூல் கேட்டுக்கு வந்தப்போ, நான் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி