வீட்டு வாசலில் தயாராகும் 'ரேஸ் பைக்': ஷாக் அப்சார்பரில் கை வைத்தால் நடப்பது என்ன?

சென்னை,

ரேஸ் பைக் என்றதும் வாலிபர்களுக்கு என்ஜினும், சைலென்சரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வளைவில் வண்டியை நிறுத்துவதும், கவிழ்ப்பதும் ஷாக் அப்சார்பர்தான். புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே மாட்டிப் பார்க்கிறவர்கள் இதைத்தான் மறந்து விடுகிறார்கள்.

10 மில்லி மீட்டர் போதும்

முன்பக்க ஃபோர்க் பைப்பை கிளாம்ப்பில் தளர்த்தி மேலே ஏற்றினால் வண்டியின் மூக்கு இறங்கும். வளைவில் சட்டென்று திரும்பும். வெறும் 10 மில்லி மீட்டர் ஏற்றினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் நேர் ரோட்டில் வேகம் பிடிக்கும்போது ஹேண்டில்பார் உதற ஆரம்பிக்கும். அளவு மீறினால், பிரேக் அடிக்கும்போது சக்கரம் மேலே போய் இடிக்கவும் செய்யும்.

சிலர் ஸ்பிரிங்கை வெட்டி விடுகிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகி விடும். பள்ளத்தில் டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும். 'கெட்டி ஆயில் ஊத்தினா சரியாயிடும்' என்பதும் தப்புக்கணக்கு. அமுங்கிய ஃபோர்க் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்து விடும்.

முதலில் டேப் எடுங்க

ரேஸ் வீரர்கள் ஸ்பேனரை தொடும் முன்பு அளவு எடுக்கிறார்கள். சக்கரம் தரையில் படாதபோது ஒரு அளவு. ஹெல்மெட், ஜாக்கெட்டோடு ஆள் உட்கார்ந்ததும் இன்னொரு அளவு. வித்தியாசம் சுமார் 30 மில்லி மீட்டர் இருந்தால் டிராக்குக்கு சரி. 'பிரீலோடு' நட்டை எவ்வளவு திருகினாலும் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. வண்டியின் உயரம்தான் மாறும். ஆள் எடைக்கு ஸ்பிரிங் பொருந்தாவிட்டால் வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும்.

நைட்ரஜன் கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பரை வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பாகங்கள் குண்டு மாதிரி தெறிக்கும்.

சட்டம் சொல்வது

டிராக்கில் ஓட்டுகிற வண்டிக்கு போட்டி விதிமுறை மட்டும்தான். ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு உண்டு. கம்பெனி கொடுத்த அளவை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதியாக கூறியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்திலும் சிக்கல் வரும்.

ஆசை தப்பில்லை. அதற்குத்தான் இருங்காட்டுக்கோட்டையில் டிராக் இருக்கிறது. அங்கே கீழே விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் நிற்கும். கிழக்கு கடற்கரை சாலையில் எதிரே நிற்பது லாரி.

பெற்றோர்களே, வாசலில் பையன் என்ன கழற்றுகிறான் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்!