கதவடைத்த நாடு, கடன் வாங்கிய படம்

ஜப்பானியச் சித்திரப் படங்களுக்கு நம் நாட்டில் இப்போது நல்ல யோகம். தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வருகின்றன. பாட்டனார் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கும் அந்தக் கதாநாயகர்களின் பெயர் தெரிகிறது. நல்லதுதான். ஆனால் ஜப்பானிலிருந்து வந்தது என்பதற்காகவே எதையும் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டுமா? 2007-ல் வெளிவந்த ‘வெக்ஸில்’ என்ற விஞ்ஞானக் கற்பனைப் படத்தைப் பார்த்தவர்கள் சற்று யோசிப்பார்கள்.

இயக்குநர் புமிஹிகோ சோரி சாமானியர் அல்லர். 2002-ல் டேபிள் டென்னிஸ் ஆடும் பையன்களை வைத்து ‘பிங் பாங்’ என்று உயிருள்ள படம் ஒன்றைக் கொடுத்தவர். அவர் படம் என்றால் எதிர்பார்ப்பு இருக்கத்தானே செய்யும்?

கதையின் தொடக்கமும் அபாரம். யந்திர மனிதத் தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் ஜப்பான், சர்வதேசக் கட்டுப்பாடுகளை ஏற்க மறுத்து 2067-ல் ஐ.நா. சபையை விட்டு வெளியேறுகிறது. விண்வெளியிலிருந்துகூட யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி மின்காந்தத் திரை போட்டுக்கொள்கிறது. பத்தாண்டுகள் கழித்து உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று இரகசியமாக நுழைகிறது. இதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்புறம்தான் கடன் வியாபாரம். பாலைவனத்தில் புரண்டு வரும் ராட்சத உலோகப் புழுக்கள், பிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய ‘டியூன்’ நாவலின் மணற்புழுக்களுக்குத் தம்பிகள். மனிதனா யந்திரமா என்ற தவிப்பு 1982-ன் ‘பிளேட் ரன்னர்’ வீட்டுச் சொத்து. கவசமும் துப்பாக்கியும் சோரியே தயாரித்த ‘ஆப்பிள்சீட்’ படத்தில் 2004-லேயே பார்த்தவை. கம்ப்யூட்டர் வரைந்த முகங்களிலோ அழுகைக்கும் சிரிப்புக்கும் அதிக வித்தியாசமில்லை.

இரவல் வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மானிய ‘மெட்ரோபாலிஸ்’ படத்தின் ஒரே ஒரு புகைப்படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அதே பெயரில் 1949-ல் தம் சொந்தக் கதையை வரைந்தார் ஒசாமு தெசுகா. 1995-ன் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ ஹாலிவுட்டிடம் வாங்கியது கொஞ்சம்தான். ‘மேட்ரிக்ஸ்’ வழியாக ஹாலிவுட்டுக்கே திருப்பிக் கொடுத்தது அதிகம். சோரி வாங்கினார், அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சல் எங்கே என்றால், அவர் வீட்டுப் பெட்டியிலேயே பொன் கிடந்தது. ஜப்பான் கதவடைத்தது கற்பனையல்ல, சரித்திரம். 1635-ல் ஜப்பானியர் வெளிநாடு போவதற்கும், போனவர் திரும்புவதற்கும் மரண தண்டனை என்று ஷோகன் அரசு ஆணையிட்டது. 1639-ல் போர்ச்சுகீசியர் விரட்டப்பட்டனர். நாகசாகியில் தெஜிமா என்ற சின்னஞ்சிறு தீவில் டச்சுக்காரர்களை அடைத்து வைத்தார்கள். 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கறுப்புக் கப்பல்கள் வந்து மிரட்டும் வரை இதே நிலைமை.

இதில் சிக்கிச் சீரழிந்தவர்கள் எத்தனை பேர்! சயாமில் அயுத்தியாவிலும் வியட்நாமில் ஹோய் ஆனிலும் குடியிருந்த ஜப்பானியர் ஊர் திரும்ப வழியற்று, அந்தந்த மண்ணிலேயே கரைந்து போனார்கள். ஐரோப்பியருக்குப் பிறந்த குழந்தைகளைத் தாய்மாரோடு பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, நாடு கடத்தினார்கள். அங்கிருந்து சொந்தக்காரர்களுக்கு அவர்கள் அனுப்பிய கடிதங்கள் ஜப்பானில் பிரசித்தம். துணியில் எழுதிய ஒன்று இன்றும் இருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கியூவில் நிற்கும் நமக்கு, திரும்பி வந்தால் தலை போகும் என்ற சட்டத்தின் கொடுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

2067-ல் கதவு சாத்தப்பட்டபோது வெளியே நின்ற ஜப்பானியர் கதி என்ன? லண்டனில் படித்துக்கொண்டிருந்த மகன், டோக்கியோவில் இருக்கும் தாய்க்கு எப்படிக் கடிதம் போட்டான்? இந்தப் பக்கம் படம் திரும்பியே பார்க்கவில்லை. உள்ளே இருப்பவர்களை ஒரு கம்பெனி தடுப்பூசி என்று ஏமாற்றி உலோகமாக்கிவிட்டது என்கிறார்கள். பயங்கரமான விஷயம். ஆனால் அதை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு, மறுபடியும் புழுத் துரத்தலுக்கு ஓடுகிறார்கள்.

முடிவில் ஜப்பானியர் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. காமிராவோ, அமெரிக்கப் படையைச் சேர்ந்த காதல் ஜோடி பத்திரமாகப் பிழைத்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.