ஒரு வாரம் மட்டும் கிடைக்கும் நாற்காலி

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று ஒரு சொல் இருக்கிறது. அங்கே பிராந்தி போகும், ரம் போகும், பீர் போகும். ஒயின் கேட்டு வருபவர் அபூர்வம். சரி, பெயர்தானே, போகட்டும். கேள்வி வேறு. அந்த ஒயின் ஷாப்பை ஒட்டியிருக்கும் பாரில் யார் யாரெல்லாம் உட்காரலாம்?

"காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும்" என்று பதில் வரும். அப்படியா? ஒரு திருநங்கை தனியாகப் போய் அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார முடியுமா? காதலர்கள் என்று தெரியும்படி இரண்டு ஆண்கள்? அதை விடுங்கள், சும்மா ஒரு பெண்?

டாஸ்மாக் 1983ல் தொடங்கிய நிறுவனம். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். காமர்ஸ் புத்தகத்தில் இதற்கு ஏகபோகம் என்று பெயர். 2023-24ல் இந்த வியாபாரத்தில் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் பாரை மட்டும் அரசு நடத்தாது, டெண்டர் விடும். எதற்கு டெண்டர்? தின்பண்டம் விற்கும் உரிமைக்கும், காலி பாட்டில் எடுக்கும் உரிமைக்கும். காலி பாட்டிலுக்குக்கூட ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது. உட்காருகிற மனிதரைப் பற்றி யாருக்குக் கவலை!

பணம் இருப்பவருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. சென்னையில் நட்சத்திர ஹோட்டல் பார் இருக்கிறது, சோபா இருக்கிறது, யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குபவருக்கு என்ன இருக்கிறது?

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்கள் கொஞ்சம் நியூயார்க் பக்கம் போய் வரலாம். கிரீனிச் வில்லேஜ் என்ற பகுதியில் ஜூலியஸ் என்று ஒரு பழைய பார், இன்றும் இருக்கிறது. 1966 ஏப்ரல் 21 அன்று மட்டாசின் சொசைட்டியைச் சேர்ந்த சிலர் அங்கே போய், "நாங்கள் தன்பாலின ஈர்ப்பாளர்கள், எங்களுக்கு ஊற்று" என்று கேட்டார்கள். ஊற்ற வந்தவர் கிளாசைக் கையால் மூடிவிட்டார். அந்தக் கை ஒரு புகைப்படத்தில் பதிவாகி வரலாறு ஆகிவிட்டது. தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் பாரை 'ஒழுங்கீனமான இடம்' என்று சொல்லி லைசென்சைப் பறிக்கலாம் என்ற பயம்தான் அந்தக் கையை அங்கே கொண்டுபோய் வைத்தது. அவர்கள் கேட்டது குடி அல்ல, நாற்காலி.

நாற்காலி மறுக்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? மறைவிடத்துக்கு. அதே பகுதியில் ஸ்டோன்வால் என்ற பாரை மாஃபியா நடத்தியது. மதுவுக்கு லைசென்ஸ் கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் கழுவக் குழாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. வேறு போக்கிடம் இல்லாததால் அங்கே போனார்கள். 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் உள்ளே புகுந்தபோது திருப்பி நின்றார்கள். 2016ல் அமெரிக்க அரசு அந்த இடத்தையே தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வருவோம். உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகம். 2019ல் மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வந்த ஊர். சித்திரையில் 18 நாள் கூத்தாண்டவர் திருவிழா. திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு, வெள்ளைப்புடவை கட்டுவார்கள். விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் நடக்கும். லாட்ஜ் நிரம்பும், கேமராக்கள் குவியும், அமைச்சர்கள்கூட மேடையேறுவார்கள். அந்த ஒரு வாரம் எல்லாருக்கும் பெரிய மனசு.

எட்டாவது நாள்? அதே திருநங்கை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். சீசன் வியாபாரம் மாதிரி சீசன் மரியாதை!

"அறுபது பேருக்கு மேல் சாராயத்தில் செத்த ஊரில் பார் வேண்டும் என்கிறாயா?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை யாரும் மறக்க முடியாது. உடனே எல்லாரும் கல்வராயன் மலையைக் கை காட்டினார்கள். மலையில் ஊறல் போடுவது பழைய கதைதான். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால், ஆலையில் தயாராகும் ரசாயனம். அங்கே ஆட்களை இழுத்தது விலை, நியூயார்க்கில் தள்ளியது வெறுப்பு. காரணம் வேறு வேறு. ஆனால் முடிவு ஒன்றுதான். வெளிச்சத்தில் இடம் கிடைக்காதவர் மறைவிடத்துக்குப் போகிறார், மறைவிடத்தில் விற்கும் பொருளுக்கு யாரும் பொறுப்பில்லை.

ஆகவே இங்கே கேட்பது இன்னொரு பார் அல்ல. சாராயம் இல்லாத நாற்காலி போதும். டீக்கடை பெஞ்ச், நூலகத்து மேஜை, காலேஜ் கேன்டீன், பஸ் ஸ்டாண்ட் ஹோட்டல். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014லேயே ஏற்றுக்கொண்டது. பொதுமக்களுக்கான சேவையைத் திருநருக்கு மறுக்கக் கூடாது என்று 2019 சட்டத்தின் 3ஆம் பிரிவு சொன்னது. தன்பாலின உறவு குற்றமில்லை என்று 2018ல் தீர்ப்பு வந்தது. ஆனால் குற்றமில்லை என்பது வேறு, "வா, உட்கார்" என்பது வேறு. திருநருக்கு எழுதிய அந்த 3ஆம் பிரிவு மாதிரி ஒரு வரி தன்பாலின ஈர்ப்பாளருக்கு எழுதப்படவில்லை. அது வரும் வரைக்கும் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உண்டியலில் காசு விழும் வாரத்தில் மரியாதை கொடுப்பது வியாபாரம். ஐப்பசியில், மழை நாளில், கேமரா இல்லாத நேரத்தில், அதே ஆளுக்கு டீக்கடையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குப் பெயர்தான் மரியாதை. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தால் பெருமைப்படுவதாக இருந்தால், மீதி 51 வாரத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.