காடு மூடினால் ஊர் இல்லையா?

வன்னியில் இன்று காடாகத் தெரியும் பல இடங்கள் ஒருகாலத்தில் வயலும் வளவுமாக இருந்தவை. காட்டுக்குள் நடந்தால் உடைந்த குளக்கட்டு குறுக்கிடும். துருசுக் கல் காலில் தட்டும். ஓட்டுச் சில்லுகள் சிதறிக் கிடக்கும். 13ஆம் நூற்றாண்டின் படையெடுப்பும், பராமரிப்பாரின்றிக் குளங்கள் உடைந்ததும், மலேரியாவும் அவ்வூர்களைக் கலைத்ததற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஊர் அழிந்த பின்னும் குளம் சாட்சியாக நின்றது. அந்தச் சாட்சியை நம்பியே 1950களில் பழைய வவுனிக்குளத்தைத் திருத்தும் வேலை தொடங்கி, அதன் கீழ் மக்களும் குடியேற்றப்பட்டனர்.

அன்று தடயம் மனிதரை அழைத்தது. இன்று அதே தடயம் மனிதரைத் தடுக்கிறது. குருந்தூர்மலையில் 2021இல் அகழ்வு தொடங்கியபோது செங்கற்களுக்குக் கிடைத்த மரியாதை, 1984இல் அருகிலுள்ள தண்ணிமுறிப்பிலிருந்து விரட்டப்பட்ட தமிழ் விவசாயிகளின் வயல்களுக்குக் கிடைக்கவில்லை.

எமது நிலை இன்னும் விசித்திரமானது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டதே தொல்பொருள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினர். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியும் தண்ணீரூற்றும் அவற்றின் முஸ்லிம்களை இழந்தன. இப்படி வெறுமையான ஊர்களின் கிணறும் பள்ளிவாசல் சுவரும் மீஸான் கட்டையும் தொல்பொருளும் அல்ல. மரம் வளர்ந்துவிட்டால் ஊருமல்ல. மன்னார் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகளை 2012இல் ஒதுக்குக் காடாக்கிய வர்த்தமானி அறிவித்தல் இதற்குச் சான்று. திரும்பி வந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் 'காடழிப்போர்'! துப்பாக்கி விரட்டியதை வர்த்தமானி உறுதிப்படுத்துவதா?

காட்டைக் காக்க வேண்டாம் என்பதல்ல எமது வாதம். இருபது வருட மரத்தின் வயதைக் கணக்கிடுபவர், அதன் அடியிலுள்ள கிணற்றின் வயதையும் கணக்கிடட்டும் என்பதே.

எழுதுவோரிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இழந்த மண்ணைப் பற்றிய கவிதைகளுக்கு எம்மிடையே குறைவில்லை. ஆனால் 'எங்கள் ஊர்' என்று உருகும் கவிதையில் ஒரு குளத்தின் பெயராவது உண்டா? எந்த வளவுக்கு எது எல்லை, மையவாடி எந்தத் திசையில், எந்தப் புளியமரத்தடியில் பாதை பிரிந்தது? இவற்றைச் சொல்லக்கூடியவர், 1990இல் 40 வயதில் ஊரைவிட்டுப் போனவர், இன்று 70ஐத் தாண்டிவிட்டார். மத்தியகால ஊர்களுக்குப் பேச ஆளில்லை. கல்தான் பேச வேண்டும். எமது ஊர்களுக்கு இன்னும் ஆளிருக்கிறது. அவர் பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.